மின்பொறியியல் மாணவர்க்குத் தனியாசிரியர்: யாரைத் தேடுவது?



தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கும் ஓர் ஆசிரியனுக்கும் மின்பொறியியலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்துச் சென்ற பிள்ளைகள் பொலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தபின், முதல் செமஸ்டரிலோ இரண்டாம் செமஸ்டரிலோ தடுமாறுகிறார்கள். அப்போது பெற்றோர் நம்மைத்தான் தேடி வருகிறார்கள். "சார், பையன் எலக்ட்ரிக்கல் படிக்கிறான், பாடம் ஏறவில்லை என்கிறான். தனியாகச் சொல்லிக்கொடுக்க நல்ல ஆள் யாராவது தெரியுமா?" என்பது ரெங்கத்தில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி.

என் மறுமொழி இதுதான்: ஆள் தேடுங்கள், ஆனால் விடை சொல்லித் தருபவரைத் தேடாதீர்கள். உங்கள் பிள்ளையைப் பேச வைத்துக் கேட்பவரைத் தேடுங்கள்.

பிள்ளைகள் இத்துறையை நாடுவது ஏன்?

நம் ஊரின் வழியாகச் செல்லும் தண்டவாளத்தைப் பாருங்கள். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருவழி இருப்புப்பாதை இன்று 25,000 வோல்ட் மின்சாரத்தால் இயங்குகிறது. 2025 டிசம்பரில் இ.டி.எஸ். மின்தொடர்வண்டி ஜொகூர் பாரு வரை ஓடத் தொடங்கியது. ரப்பரும் செம்பனையும் வாழவைத்த இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மின்பொறியியல் இனித் தொலைவிலுள்ள துறையன்று. பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும், ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உள்ளன. இரண்டும் நம் ஜொகூர் மாநிலத்திலேயே இருக்கின்றன. வாய்ப்பு அருகில் இருக்கிறது; இடறுவது வேறிடத்தில்.

மூன்று மொழிகளின் வழியே ஒரு பாடம்

படிநிலை இரண்டில் நம் மாணவர்கள் தொடர்மின்சுற்று, இணைமின்சுற்று என்று தமிழில் கற்கிறார்கள். இடைநிலைப்பள்ளியில் அதே 'மின்னோட்டம்' 'ஆருஸ்' ஆகிறது. 'மின்தடை' 'ரிந்தாங்ஙான்' ஆகிறது. பல்கலைக்கழகத்தில் இரண்டும் போய் 'கரன்ட்', 'ரெசிஸ்டன்ஸ்' வந்துவிடுகின்றன. 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டதையும், பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டதையும் ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்படி மொழி மாறி மாறி வரும்போது, கருத்து புரியாத மாணவன் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மேலே செல்கிறான். எஸ்.பி.எம். தேர்வில் அவன் நல்ல மதிப்பெண்ணும் பெற்றுவிடலாம். அடித்தளத்தில் உள்ள ஓட்டை உயர்கல்வியில்தான் வெளிப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஒரு கம்பிச்சுருளின் மின்தடை 3 ஓம். அதன் ரியாக்டன்ஸ் 4 ஓம். அதனை 240 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் இணைத்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும்? தொடர்மின்சுற்றில் தடைகளைக் கூட்ட வேண்டும் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கும் மாணவன், மூன்றும் நான்கும் ஏழு என்பான். 34 ஆம்பியர் என்று விடை எழுதுவான். சரியான மொத்த எதிர்ப்பு 5 ஓம். மின்னோட்டம் 48 ஆம்பியர். இந்தப் பிழை தேர்வுத்தாளோடு முடிவதில்லை. 34 ஆம்பியருக்கெனத் தேர்ந்தெடுத்த கம்பியில் 48 ஆம்பியர் ஓடினால் கம்பி சூடேறும், அதன் காப்புறை கெடும், தீப்பிடிக்கவும் கூடும்.

விடை சொல்லித் தருபவர், "வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடு" என்று சூத்திரத்தைத் தந்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். நல்ல தனியாசிரியர், "ஏன் ஏழு என்றாய்?" என்று கேட்பார். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை சுழல்கிறது. ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவிநாடி ஆகிறது. சுருளின் தூண்டலால் எழும் மின்னழுத்தம், தடையின் மின்னழுத்தத்தைவிடக் கால் சுழற்சி, அதாவது 5 மில்லிவிநாடி, முன்னதாகவே உச்சத்தை அடைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராததால் அவற்றை நேராகக் கூட்ட இயலாது. கிழக்கே 3 கிலோமீட்டரும் வடக்கே 4 கிலோமீட்டரும் நடந்தவன், புறப்பட்ட இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில்தானே நிற்பான்! இடைநிலைப்பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம்தான் இங்கே வேலை செய்கிறது என்று தெரிந்தவுடன் மாணவனின் முகம் தெளிந்துவிடும். 1893இல் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் கலப்பு எண்களைக் கொண்டு மாறுதிசை மின்சுற்றுக் கணக்குகளை எளிதாக்கியதன் அடிப்படையும் இதுவே. இதனைப் பிடித்துக்கொண்டவனுக்குப் பின்வரும் பாடங்கள் பாதி எளிதாகிவிடும்.

பாடம் குறைவில்லை, கேட்பவர்தாம் குறைவு

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, தனியாசிரியர் எதற்கு என்பாரும் உளர். உண்மைதான். இந்திய ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகளை இலவசமாகக் காணலாம். 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் மின்சுற்றுப் பாடத்தை உலகம் முழுமைக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பதிவு செய்தோர் ஏறத்தாழ 155,000 பேர். முடித்துச் சான்றிதழ் பெற்றோர் 7,100 பேரைச் சற்றே தாண்டினர். எல்லாரும் முடிக்கும் எண்ணத்தோடு பதிந்தவர் அல்லர் என்பது மெய்யே. எனினும், நல்ல பாடம் கையில் இருப்பது மட்டுமே போதாது என்பதை அவ்வெண்ணிக்கை காட்டுகிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இன்று நொடியில் விடை தருகின்றன. சில வேளை தவறாகவும் தருகின்றன. தவற்றைக் கண்டுபிடிக்க மாணவனுக்கே அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

1984இல் பெஞ்சமின் புளூம் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர், தனியாசிரியரிடம் கற்ற சராசரி மாணவன் வழக்கமான வகுப்பில் கற்றோருள் 98 விழுக்காட்டினரை விஞ்சினான் என்று எழுதினார். பிற்கால ஆய்வுகள் பயன் அவ்வளவு பெரிதன்று என்று காட்டின. ஆயினும் பயன் உண்டு என்பதை அவையும் ஒப்புக்கொண்டன.

எங்கே தேடலாம்?

1. முதலில் விரிவுரையாளரிடம் போகச் சொல்லுங்கள். மாணவர் சந்திக்கவென்று நேரம் ஒதுக்கும் விரிவுரையாளர் பலர் உண்டு. நம் பிள்ளைகள் கூச்சத்தால் கதவைத் தட்டுவதில்லை. காசில்லாமல் கிடைக்கும் இவ்வுதவியைப் பெறாமல் காசு கொடுத்து ஆள் தேடுவது முறையன்று.

2. அதே பாடத்தை ஓரிரு ஆண்டுகளுக்குமுன் முடித்த மூத்த மாணவர். எந்த இடத்தில் கால் இடறும் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் விளக்கக்கூடியவர் கிடைத்தால் இன்னும் நன்று.

3. கணிதமே தடையாக இருந்தால், கூடுதல் கணிதம் கற்பித்த இடைநிலைப்பள்ளி ஆசிரியர். மின்பொறியியலில் தோற்பதாக எண்ணும் மாணவர் பலர் உண்மையில் இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும்தான் தடுக்கி விழுகிறார்கள்.

4. செய்முறைக்கு, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற சார்ஜ்மேன் அல்லது வயர்மேன். செம்பனை ஆலைகளில் வேலை பார்க்கும் அண்ணன்மார், மாமன்மார் நம்மிடையே உளர். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு என்பதை அவர்களைப்போல் விளக்க எல்லாராலும் இயலாது. கணக்குப் பகுதிக்கு வேறொருவர் தேவைப்படலாம்.

பெற்றோர் எப்படி அறிவது?

"எங்களுக்கு அந்தப் பாடமே தெரியாதே, ஆசிரியர் நல்லவரா என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்கிறீர்கள். பாடம் தெரியாமலே அறியலாம். முதல் வகுப்பில் சற்றுத் தள்ளி அமர்ந்து கவனியுங்கள். பேனா யார் கையில் இருக்கிறது? அதிகம் பேசுவது யார்? ஒரு மணி நேரமும் ஆசிரியரே எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தால் அது மற்றுமொரு விரிவுரை. அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளை எழுத, பிள்ளை விளக்க, ஆசிரியர் இடையிடையே "ஏன்?" என்று கேட்டால் அவரை விட்டுவிடாதீர்கள். வகுப்பு முடிந்த மறுநாள் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, "நேற்றுப் படித்ததை எனக்குச் சொல்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும், பிள்ளை தயங்காமல் சொல்கிறானா என்பது புரியும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். இடுபணியையும் இறுதியாண்டுத் திட்டத்தையும் தாமே எழுதித் தருவதாகச் சொல்பவரை வீட்டு வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அது கல்வி மோசடி. பிடிபட்டால் பிள்ளையின் படிப்பே பறிபோகலாம். பிடிபடாவிட்டால் இன்னும் கேடு. தனக்குத் தெரியாத வேலைக்கு ஒருவன் பொறியாளனாகிவிடுவான். அவன் வடிவமைத்த மின்னிணைப்பை நம்பிப் பிறர் வாழ்வார்கள்.

வசதி இல்லாதவர் என்ன செய்வது?

எல்லாக் குடும்பத்தாலும் பணம் செலவிட இயலாது என்பதை நான் அறிவேன். இதற்கு நம் சமுதாயம் முன்பே ஒரு வழி காட்டியிருக்கிறது. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடு முழுவதும் இந்திய மாணவர்களுக்குப் பிரத்தியேக வகுப்புகளை நடத்தி வந்துள்ளது. முன்னே சென்றவர் பின்னே வருபவரைக் கைதூக்கிவிட வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. ஆனால் நம் முயற்சிகள் பெரும்பாலும் எஸ்.பி.எம். தேர்வோடு நின்றுவிடுகின்றன. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டான் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் அவன் முதன்முறையாகத் தனித்து நிற்கிறான்.

ஆசிரிய நண்பர்களே, நம் பள்ளியின் முன்னாள் மாணவருள் பொறியியல் படிப்போர், படித்து முடித்தோர் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்வோம். விடுமுறைக்கு அவர்கள் ஊர் திரும்பும்போது, பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ வாரம் இரண்டு மணி நேரம் இளையவர்களோடு அமரச் சொல்வோம். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு வெண்பலகையும் சில நாற்காலிகளும் போதும். கற்றுக்கொடுப்பவருக்கும் தாம் படித்தது அப்போதுதான் உறுதிப்படும்.

தனியாசிரியர் என்பவர் பிள்ளைக்கு நிரந்தரத் துணையாகிவிடக் கூடாது. இரண்டு செமஸ்டருக்குப்பின், "இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று பிள்ளை சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மகிழ்பவர் எவரோ, அவரையே தேடுங்கள்.