கொடுவாவுக்கு எந்த ராடு?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்ம ஆட்கள் சீக்கிரமே தெரிந்துகொள்ளும் விஷயம், இங்கே ஓகோவென்று கொண்டாடும் பெட்கி நம்ம ஊர் கொடுவாதான் என்பது. அதைத் தூண்டிலில் பிடிக்க திகா, பக்காலி பக்கம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு என் கருத்து.

கடையில் முதலில் கார்பன் எத்தனை சதவீதம் என்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். கார்பன் எடை குறைவுதான், ஆனால் எங்காவது இடித்துக் கீறல் விழுந்தால், மீன் இழுக்கும்போது அங்கேயே படக்கென்று ஒடியும். கண்ணாடி இழை கலந்தது கொஞ்சம் கனம். ரயிலில், பஸ்ஸில் இடிபட்டாலும் தாங்கும்.

மிச்சமாகும் பணத்தை நரம்பு ஓடும் வளையங்களில் போடுங்கள். மட்டமான வளையம் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். பின்னல் நரம்பு அதில் பள்ளம் போடும், அப்புறம் அந்தப் பள்ளமே நரம்பை அறுக்கும். வாங்குமுன் உள்ளே பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள்; இழை சிக்கினால் வேண்டாம்.

ரீல் மேலே உட்காரும் காஸ்டிங் ராடு பார்க்க ஜோர். எதிர்க்காற்றில் வீசினால் புதியவருக்கு நரம்பு சிடுக்காகி, பாதி நாள் அதைப் பிரிப்பதிலேயே போகும். 7 அடியில், 10 முதல் 20 பவுண்டு நரம்புக்கான ஸ்பின்னிங் ராடே போதும்.

விலையை, உழைக்கும் வருஷங்களால் வகுத்துப் பாருங்கள் (பேங்க்காரன் புத்தி!). மார்க்கெட்டில் வாங்கினால் இதைவிட மலிவு என்று வீட்டில் சொல்வார்கள், வாஸ்தவம்தான்.

கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. கடைசி இரண்டடிக்குத் தடித்த தங்கூசி கட்டுங்கள். திரும்பியதும் ராடை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டுப் படுங்கள்.