வரிசையை மொத்தமாகக் கேளுங்கள்

புதுச்சேரியின் பண்டசோழநல்லூரில் மாலை நேரத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். என்னிடம் ஒரு கிராஃபிங் கால்குலேட்டர் உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டிஐ-83 பிளஸ். பிரான்சில் படிப்பை முடித்த உறவுக்காரப் பையன் ஒருவன் கொடுத்தது. வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கும் தெருக்கள் உள்ள புதுச்சேரியில் இது பெரிய அதிசயமில்லை. அதை வைத்துப் பிள்ளைகளுக்கு நான் பழக்குவது ஒன்றைத்தான்: எண்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் ஒரு பட்டியலாக மொத்தமாகக் கையாள்வது. நம் அரசுப் பள்ளிகளின் கணித வகுப்பிலேயே இதைக் கற்றுத்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பால் கணக்கை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரிந்த கணக்கு. ஒரு மாதத்துக்கு தினமும் ஊற்றிய லிட்டர் ஒரு வரிசை. கொழுப்பைப் பார்த்து அன்றன்று போட்ட விலை இன்னொரு வரிசை. புரோகிராம் எழுதச் சொன்னால் எல்லோரும் முதலில் ஒரு சுற்று எழுதுவார்கள். முதல் நாள் லிட்டரை எடு, விலையால் பெருக்கு, மொத்தத்தில் சேர், அடுத்த நாளுக்குப் போ. விடை சரியாகவே வரும். ஆனால் லிட்டரை எல்1 என்றும் விலையை எல்2 என்றும் பதிந்துவிட்டால் சம்(எல்1×எல்2), அதாவது பெருக்கிக் கூட்டு, என்ற ஒரே வரி போதும். "அவ்வளவுதானா அக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி ஏன் வேகமாக ஓடுகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். இந்தக் கருவியின் மூளை 6 மெகாஹெர்ட்சில் ஓடும் இசட்80 சிப். நாம் பேசிக் மொழியில் எழுதும் வரியை அது ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் படித்து, புரிந்துகொண்டு, பிறகே கணக்கைச் செய்கிறது. முப்பது நாள் என்றால் முப்பது முறை வாசிப்பு. பட்டியலை மொத்தமாகக் கொடுத்தால் வாசிப்பு ஒரு தடவையோடு முடிகிறது. மீதி வேலையை உள்ளே ஏற்கெனவே பதிந்திருக்கும் இயந்திர மொழி பார்த்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது எண்ணிக்கை எடுக்கும் முறை. எல்1>8 என்று தட்டினால், எட்டு லிட்டரைத் தாண்டிய நாளுக்கு 1, தாண்டாத நாளுக்கு 0 என்று ஒரு புதிய பட்டியலே வந்து நிற்கும். அதைக் கூட்டினால் எத்தனை நாள் என்று தெரிந்துவிடும். நிபந்தனையும் ஓர் எண்தான் என்பதைப் பிள்ளைகள் அந்த நிமிஷத்தில் கண்ணால் பார்க்கிறார்கள்.

சிக்கனமும் இதில் ஒரு பாடம். டிஐ-83 பிளஸில் நமக்குக் கிடைக்கும் நினைவகம் ஏறக்குறைய 24 கிலோபைட். ஓர் எண்ணுக்கு 9 பைட். ஒரு பட்டியலில் அதிகபட்சம் 999 எண்கள். மூன்று பட்டியல்களை நிரப்பப் பார்த்தால் இடம் போதாது. அதனால் வேலை முடிந்த பட்டியலை அழிக்கவும், இடைவிடையைத் தனியாகச் சேமிக்காமல் அடுத்த வரிக்கே அனுப்பவும் பிள்ளைகள் தாமாகப் பழகுகிறார்கள். கைப்பேசியில் இடத்துக்குப் பஞ்சமில்லாததால் இந்தப் பழக்கம் அங்கே வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் பட்டியல் சரிப்படாது. சுய உதவிக் குழுக் கடனில், இந்த மாதப் பாக்கி தெரிந்தால்தான் அடுத்த மாத வட்டி தெரியும். அங்கே சுற்றுதான் முறை. எது எங்கே பொருந்தும் என்று பார்க்கத் தெரிவதைத்தான் நான் கணித அறிவு என்பேன்.

பட்டியலாக யோசிப்பது புதிதல்ல. கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் 1962இல் ஏபிஎல் என்ற நிரல் மொழியை நூலாக வெளியிட்டபோதே, வரிசை முழுவதையும் ஒரே குறியீட்டால் கையாளும் வழியைக் காட்டினார். அதற்காக 1979இல் டியூரிங் விருது பெற்றார். இன்று பைத்தான் மொழியில் நம்பை (NumPy) என்ற நிரல் தொகுப்பை வைத்துத் தரவுகளை அலசுகிறவர்களும் அந்த வழியில்தான் யோசிக்கிறார்கள்.

இங்கிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரி நகரம். அங்கே 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே இருக்கிறது. அதன் மாணவர்கள் பக்கலோரியா என்ற பிரெஞ்சுப் பள்ளியிறுதித் தேர்வுக்குக் கிராஃபிங் கால்குலேட்டருடன் தயாராகிறார்கள். பிரான்சுக்கு முன்னதாகவே இங்கே தேர்வு நடந்த காலத்தில், 'பாண்டிச்சேரி' வினாத்தாளைத் தேடியெடுத்து பிரான்ஸ் மாணவர்கள் பயிற்சி செய்தார்கள். நம் ஊர்ப் பெயரை அந்த நாட்டுக் கணித மாணவர்கள் அப்படித்தான் அறிந்திருந்தார்கள். அதே புதுச்சேரியின் கிராமத்துப் பிள்ளைக்கு அந்தக் கருவி கண்ணில்கூடப் படாதது எனக்கு மனவேதனை.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் படிப்படியாக சிபிஎஸ்இக்கு மாறின. கணிதப் பொதுத்தேர்வில் கால்குலேட்டருக்குப் பொதுவாக அனுமதி இல்லை. அதை நான் எதிர்க்கவில்லை. கையால் போடத் தெரியவேண்டும். ஆனால் திட்டவிலக்கம் போடும்போது நோட்டில் என்ன செய்கிறோம்? முதல் பத்தியில் மதிப்பெண், அடுத்ததில் சராசரியைக் கழித்தது, அதற்கடுத்து வர்க்கம், அடியில் கூட்டுத்தொகை. ஒவ்வொரு பத்தியும் ஒரு பட்டியல். சம்((எல்1−மீன்(எல்1))²)÷டிம்(எல்1) என்று எழுதினால் விலக்க வர்க்கச் சராசரி; அதன் வர்க்கமூலம் திட்டவிலக்கம். மீன் என்பது சராசரி, டிம் என்பது பட்டியலில் உள்ள எண்களின் எண்ணிக்கை. சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளை இதைத் தட்டிப் பார்த்த பிறகுதான் ஒவ்வோர் அடைப்புக்குறியும் எதற்கு என்று உணர்கிறது.

கருவி வாங்கப் பணம் வேண்டாம். டெஸ்மோஸ் என்ற கிராஃபிங் கால்குலேட்டர் செயலி இலவசம், கைப்பேசியிலும் பள்ளிக் கணினியிலும் ஓடும், எண்களைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது பட்டியல். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் (SAT) தேர்வின் திரையிலேயே அதை வைத்திருக்கிறார்கள். புதிய அரசாணையும் தேவையில்லை. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் அகமதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கென 10 மதிப்பெண் ஏற்கெனவே இருக்கிறது. கணித ஆசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் செயல்பாடுகளில் ஒன்றை இந்த ஆண்டே பட்டியலுக்கு ஒதுக்குங்கள். கணக்கைப் பிள்ளைகளே தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும்.