அறிவித்தல் வேறு, அறியச் செய்தல் வேறு!

இயற்கையின் சீற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் எவ்வரசுக்கும் இல்லை. ஆயின், வருவதை முன்கூட்டி உரைத்து மக்களை விலகச் செய்யும் கடமை எல்லா அரசுகட்கும் உண்டு. அறிக்கையொன்றை எழுதி வெளியிட்ட அளவில் அக்கடமை முடிந்ததெனக் கருதும் அலுவல்முறை உயிர்களைக் காக்காது என்பதற்குத் திருக்கழுக்குன்றத்தை அடுத்த கடற்கரையே சான்று.

2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது ஏறத்தாழ ஒன்பது மணிக்கு. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தும், மாமல்லபுரத்து மீனவர்க்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் கூடத்துள் வெள்ளம் புகுந்ததும், இயங்கிக்கொண்டிருந்த உலை ஏதமின்றி நிறுத்தப்பட்டது. பொறியைக் காக்க ஒழுங்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. அருகிருந்த குடியிருப்பிலோ அலை உயிர்களை வாரிச் சென்றது. மாந்தரைக் காக்க அத்தகைய ஒழுங்கு இல்லை!

அதே நாளில், புதுவையை அடுத்த நல்லவாட்டில் நிகழ்ந்தது வேறு. அவ்வூரார் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் செய்தி கூறினார். கடல்நிலை அறிவிக்க அங்கு வைத்திருந்த ஒலிபெருக்கி, அனைவரையும் உடனே வெளியேறுமாறு கூவியது. வீடுகளும் படகுகளும் அழிந்தன; மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் பிழைத்தனர். தெரிந்த மொழி, தெரிந்த குரல், செய்ய வேண்டியதைச் சொன்ன ஒரே கட்டளை. இவையே அவர்களைக் காத்தன.

அதன்பின் அறிவியல் வளர்ந்தது. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நடுவம் தோன்றியது. 2022 திசம்பரில் மாண்டசுப் புயல் மாமல்லபுரத்தையொட்டிக் கரை கடக்கும் என முன்னரே கூறப்பட்டது, அவ்வாறே கடந்தது. ஆயின், கருவி கண்டதைக் குடிமக்கள் செவியிற் சேர்க்கும் முறை அத்துணை வளர்ந்ததா?

சென்னையைப் பார்க்க. 2015 திசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. இக்கணக்குப் பொறியாளர்க்கு விளங்கும். சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஆற்றோரம் வாழ்ந்தவர்க்கு அஃது என்ன உணர்த்தும்? பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உடைய இருபத்தொன்பது அறைகளை ஒரே நொடியில் நிரப்பும் நீர் அது! எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும், எப்பொழுது வந்து சேரும், எங்குச் செல்ல வேண்டும் என்று உரைப்பதன்றோ எச்சரிக்கை? இந்தியத் தலைமைக் கணக்காயரின் அறிக்கை, 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அவ்வெள்ளத்தை மாந்தர் செயலால் நேர்ந்த பேரிடர் என்றே குறித்தது.

மொழியும் இதிற் பெரும்பங்கு கொள்கிறது. வானிலைத் துறை தமிழிலும் அறிக்கை தருகிறது. எனினும், மழைநாளில் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் ‘ரெட் அலர்ட்டு’, ‘ஆரஞ்சு அலர்ட்டு’ என்றே முழங்குகின்றன. ஒரே நாளில் இருபது செ.மீ.க்கு மேல் மழை பெய்யக்கூடும், உடனே செயற்படுக என்பதே செந்நிறத்தின் பொருள். அப்பொருள் மறைந்து, அயற்சொல்லொன்று மட்டும் காதில் விழுந்து கழிகின்றது. உயிர் காக்கும் சொல், கேட்ட அளவிலேயே விளங்கும் தாய்மொழிச் சொல்லாக இருத்தல் வேண்டும். பழந்தமிழ் வேந்தர் முரசறைந்து அறிவித்தது எழுத்தறியாதார்க்கும் எட்டிற்று.

செங்கற்பட்டு 2019-இல் தனி மாவட்டமாயிற்று. கடலும் பாலாறும் ஏரிகளும் அணு உலையும் ஒருங்கே அமைந்த இம்மாவட்டம் பிறவற்றுக்கு வழிகாட்டட்டும். பழைய வெள்ளம் ஏறிய உயரத்தைத் தெருதோறும் கம்பங்களிற் குறிக்கட்டும். புகலிடத்துக்குச் செல்லும் வழியைப் பெருந்தமிழ் எழுத்தில் எழுதி வைக்கட்டும். ஊர்தோறும் ஒலிபெருக்கி நிறுவி, மழையில்லாத நாளிலேயே ஒத்திகை நடத்தட்டும். ‘சொல்லிவிட்டோம்’ என்னும் அலுவலரின் விடை இனிச் செல்லாது. மக்களுக்கு விளங்கிற்றா என்பதே வினா. அவ்வினாவை ஊர்தோறும் எழுப்புவது தமிழ்மக்களின் கடமை!