பல் போன வாயை யார் பார்ப்பது?

பற்களெல்லாம் விழுந்துவிட்ட பாட்டிக்குப் பல் டாக்டரிடம் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பல முதியோர் இல்லங்களிலும் இதே எண்ணம்தான். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்வோர் அரிது. அந்தப் பாட்டி ஐம்பது ஆண்டுகள் வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டவராக இருக்கலாம்.

வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. தாம்பூலத்தை அடக்கி வைக்கும் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, அல்லது சிவந்த திட்டு. மூன்று வாரமாகியும் ஆறாத புண். பல்செட் உராய்ந்த புண் என்று எண்ணிக் களிம்பு தடவி நாளைக் கடத்திவிடுவார்கள். வாய் திறக்க முடியாமற் போய்க் கழுத்தில் கட்டி தென்படும்போது நோய் முற்றியிருக்கும். இத்தனைக்கும், ஆரம்பத்திலேயே கண்டறிய ஒரு டார்ச் விளக்கும் வாய்க்கண்ணாடியும் சில நிமிடங்களும் போதும்.

இது வெறும் ஊகம் அல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, 35 வயதானவர்கள் முதல் மூத்தோர் வரை வாயைப் பார்த்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் முடிவு வெளியாயிற்று. பழக்கம் இல்லாதவர்களுக்கு அத்தகைய பலன் தெரியவில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது வயதை அல்ல, பழக்கத்தை.

மத்திய அரசு 2016-ல் வகுத்த பரிசோதனைத் திட்டமோ 30 முதல் 65 வயது வரை என்று வரம்பிட்டது. முதியோர் இல்லவாசிகளில் பலர் அந்த வரம்பைத் தாண்டியவர்கள்!

கர்நாடகத்தில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருந்தது. ஏழை முதியோருக்கு இலவசமாகப் பல்செட் வழங்கும் ‘தந்த பாக்ய’ திட்டத்தை மாநில அரசு 2014-ல் தொடங்கியது. பல்செட்டுக்கு அளவெடுக்கும் டாக்டர் வாய் முழுவதையும் பார்த்தே ஆக வேண்டும். பல் மருத்துவக் கல்லூரிகளின் பயிற்சி டாக்டர்களை இல்லங்களுக்கே அனுப்பினால், பல்செட் வேண்டாம் என்பவர்களையும் பார்த்துவிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். திட்டு தென்பட்டால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கப் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது யார்? மூத்த குடிமக்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் தனி வரிசை வேண்டும் என்கிறது 2007-ம் ஆண்டுச் சட்டம். அந்த வரிசையில் துணைக்கு நிற்கப் பிள்ளைகள் அருகில் இல்லை. இல்லத்தில் ஆள் போதாது. துணைக்கு ஆளை இல்லம் அனுப்புவதா, மாவட்ட நிர்வாகம் அனுப்புவதா என்பதை முகாமுக்கு நாள் குறிக்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும்.