கருமரத்தின் மோகம்

கென்யா தேசத்து வாமுன்யு கிராமத்தவரான முட்டிஸ்யா முங்கே, முதல் உலக மகாயுத்த காலத்தில் தங்கனீகாவில் இருந்தபோது அவ்விடத்துச் சிற்பிகளிடம் கற்றுக்கொண்டு திரும்பிய மரச்சிற்பக் கலை, நாளடைவில் அவருடைய அக்கம்பா இனத்தார் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஜீவனோபாயமாயிற்று. ஆயினும், உல்லாசப் பிரயாணிகள் விரும்பும் யானைகளுக்கும் ஒட்டகச்சிவிங்கிகளுக்குமாக, முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும் ம்பிங்கோ என்னும் கருமரமும் முஹுகு மரமும் ஓயாமல் வெட்டப்பட்டமையால், மரம் தேடி வெகுதூரம் அலையும் நிர்ப்பந்தம் சிற்பிகளுக்கு ஏற்பட்டது.

இதற்குப் பரிகாரமாக அங்கே கைகொடுத்தது, இந்தியாவிலிருந்து சென்று கென்யக் கடற்கரையில் வேரூன்றிவிட்ட நம் வேப்பமரமே. குடியானவர் நிலங்களில் சீக்கிரம் வளரும் அம்மரத்தைக் கொண்டு செதுக்கிய சிற்பங்களுக்கு, வனப் பராமரிப்பைச் சோதித்து நற்சான்று வழங்கும் சர்வதேச சபையின் முத்திரையும் 2005-ஆம் ஆண்டில் கிடைத்தது.

முத்திரை வந்தும் சங்கடம் முற்றும் தீர்ந்தபாடில்லை. பச்சை வேம்பைச் செதுக்கினால் பின்னர் வெடிப்பு விடும். உலரும்வரை காத்திருக்கவோ, அன்றாடங்காய்ச்சியான சிற்பிக்கு வசதியில்லை. போதாக்குறைக்கு, கருநிறத்தையே சிலாக்கியமென்று கருதும் வாடிக்கைக்காரரைத் திருப்தி செய்ய, வெளிர் மரத்தின்மேல் காலணி மெருகைப் பூசிக் கருங்காலியாக்கி விற்கும் வழக்கமும் உண்டு. இதைச் சிற்பியின் வஞ்சகமென்று நான் சொல்லமாட்டேன். அடிமாட்டு விலைக்குப் பேரம்பேசி, அதற்குமேல் நற்சான்றும் கேட்கும் இறக்குமதி வியாபாரியே முதல் குற்றவாளி என்பது என் அபிப்பிராயம். மரம் உலரும் காலத்துக்கு முன்பணம் கொடுப்பது அவர் கடமை. கொடுத்தாரா என்று கடையிலேயே விசாரிப்பது, வாங்குகிறவருடைய உரிமை.