டிட்டிகாக்கா சகோதரிகளுக்கு இழைக்கப்படும் அநீதி

பொலிவியாவின் பொட்டோசி நகரில், சான் லொரென்சோ தேவாலயத்தின் கல்வாசலில் மீன்வால் கொண்ட இரு பெண்கள் சராங்கோ என்ற நரம்புக் கருவியை மீட்டுகிறார்கள். அருகே சூரியனும் சந்திரனும் விண்மீன்களும். 1728 முதல் 1744 வரை செதுக்கப்பட்ட வாசல் இது. இதை ‘ஐரோப்பியக் கடல்கன்னி அலங்காரம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழிகாட்டி நூல்களையும், அதையே ஒப்பிக்கும் கலை வரலாற்றுப் பாடங்களையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கடல்கன்னி உருவம் ஐரோப்பிய அச்சுப்படங்கள் வழியே ஆண்டிஸ் மலைக்கு வந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால், சராங்கோ ஐரோப்பாவிலிருந்து வந்ததல்ல. ஸ்பானியரின் நரம்புக் கருவிகளைப் பார்த்து, ஆண்டிஸ் மக்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட சிறிய கருவி அது. அது அந்தப் பெண்களின் கைக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டாமா?

சான்றுகளுக்கும் பஞ்சமில்லை. டிட்டிகாக்கா ஏரிக்கரையின் ஹூலி ஊரில் 1612இல் அச்சான அய்மாரா அகராதியில், ஏசு சபைப் பாதிரியார் லுடோவிகோ பெர்ட்டோனியோ, அய்மாரா புராணத்தில் வரும் துனுப்பாவோடு உறவுகொண்ட கெசிந்து, உமந்து என்ற சகோதரிகளைப் பதிவுசெய்திருக்கிறார். உமந்து, அந்த ஏரி மீனொன்றின் பெயரும்கூட. தேவாலயச் சிற்பங்களுக்கும் இந்தச் சகோதரிகளுக்கும் உள்ள தொடர்பைப் பொலிவிய அறிஞர் தெரேசா கிஸ்பர்ட் 1980இலேயே நூலில் விளக்கிவிட்டார். பெருவின் கானாஸ் வட்டாரத்து இளைஞர்கள் சராங்கோவை இரவில் நீரூற்றருகே வைத்துவிட்டு வருவார்கள். நீர்த்தேவதை சுருதி கூட்டித் தருவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. இதுவும் ஆய்வாளர்கள் பதிவுசெய்ததே.

இத்தனைக்குப் பிறகும் பூர்வகுடிகளை வெறும் நகலெடுப்பவர்களாகக் காட்டுவது அறியாமை அல்ல, அலட்சியம். 1570களிலிருந்து ‘மித்தா’ என்ற கட்டாய உழைப்பு முறை, அந்த மக்களைப் பொட்டோசியின் வெள்ளிச் சுரங்கங்களுக்குள் தள்ளியது. உழைப்பைப் பறித்தது காலனி அரசு. அவர்களின் கற்பனையைப் பறிப்பது இன்றைய எழுத்து.

திருத்தம் உடனே வேண்டும். கெசிந்து, உமந்து பெயர்களும் சராங்கோவின் வரலாறும் விளக்கக் குறிப்புகளில் இடம்பெற வேண்டும். ஐரோப்பியத் தாக்கத்தைச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் பூர்வகுடி மரபையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறிப்புகளை எழுதும் முன் அய்மாரா, கெச்சுவா அறிஞர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் பொலிவிய அரசமைப்பு, ஸ்பானிய மொழியோடு 36 பூர்வகுடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றிருக்கிறது. அந்த மொழிகளைப் பேசுவோர் படைத்த கலைக்கு அவர்களையே உரியவர்களாக எழுதுவது சலுகையல்ல. வரலாற்றை எழுதுவோரின் கடமை.