இயந்திரம் மீட்டும் கிதார்: பணம் யாருக்கு?

சென்ற வாரம் என் பேரன், செயற்கை நுண்ணறிவால் இசையமைக்கும் செயலி ஒன்றை என்னிடம் காட்டி, “எதையாவது கேளுங்கள், தாத்தா” என்றான். மின்கிதார் இடிபோல் முழங்க வேண்டும், மின்னல் வேகத்தில் பாய வேண்டும், ஓரிடத்திலும் ஓயக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். சற்று நேரத்தில் இரண்டு பாடல்கள் வந்தன. இன்னும் வேகம், இன்னும் ஆரவாரம் என்று கேட்கக் கேட்க அதுவும் சளைக்காமல் தந்தது. சிரித்தோம். நான்காவது முறைக்குள் இருவருக்கும் அலுத்துவிட்டது.

அந்த அலுப்புக்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. எட்டி வான் ஹாலன் வாசித்து 1978இல் வெளியான ‘இரப்ஷன்’ இரண்டு நிமிடம்கூட நீளாது. ஆயினும் கிதார் பயின்றோரை அது திகைக்க வைத்தது. அந்த வேகத்தை எட்டச் செலவான ஆண்டுகளே அதன் மதிப்பு. மிகை அங்கே உழைப்பின் சான்று. உற்பத்தித் திறன் எங்கு பெருகினாலும், நால்வர் வாசிக்கும் இசைக்கு அதே நால்வரும் அதே நேரமும் தேவை என்று 1966இல் பாமோலும் போவனும் எழுதினர். இதை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். மேடைக்கு அது இன்றும் பொருந்தும். ஒலிப்பதிவுக்கு இனிப் பொருந்தாது.

ஆனால், மக்கள் இயந்திர இசையை விரும்பிக் கேட்பதால்தான் கலைஞர்கள் வருமானம் இழக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிரான்ஸின் டீசர் இசைத்தளம் 2025இல் வெளியிட்ட விவரங்களின்படி, அன்றாடம் அங்கு பதிவேறும் பாடல்களில் முழுவதும் இயந்திரத்தால் ஆனவை ஏப்ரலில் 18%, நவம்பரில் 34%. கேட்கப்படுபவற்றிலோ அவற்றின் பங்கு 0.5% அளவுதான். அதிலும் 70% வரை போலிக் கேட்புகள் என்கிறது அந்நிறுவனம். பாடுவதும் இயந்திரம், கேட்பதும் இயந்திரம்!

எதற்காக இந்த வேலை? ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் வருவாயின் ஒரு பகுதி பொதுத் தொகுப்பாகச் சேர்ந்து, மொத்தக் கேட்புகளில் அவரவர் பங்குக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. மாதம் முழுவதும் நான் ஒரே கிதார் கலைஞரைக் கேட்டாலும், என் சந்தா அவருக்கே போய்ச் சேர்வதில்லை. எண்ணிக்கையைப் போலியாகப் பெருக்குபவர் அவர் தட்டிலிருந்து எடுக்கிறார். இவ்வழியில் ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்றதாக 2024இல் அமெரிக்காவில் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது.

பயிற்சிக்காகப் பதிவுகளை அனுமதியின்றி எடுத்ததாக சூனோ, யூடியோ நிறுவனங்கள்மீது அதே ஆண்டு யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகியவை வழக்குத் தொடுத்தன. 2025 இறுதியில் யுனிவர்சல் யூடியோவுடனும், வார்னர் இரண்டுடனும் சமரசம் செய்துகொண்டன. ஒப்பந்த மேசையில் அமர்ந்தவை நிறுவனங்கள். அன்றாடக் கூலிக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த கிதார் கலைஞருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

பங்கீட்டு முறையை மாற்றுவது அவருக்கு இதைவிட உதவும். சவுண்ட்கிளவுட் 2021இல் அதைத் தொடங்கியது: ஒருவர் செலுத்தும் பணம், அவர் கேட்ட கலைஞர்களிடையே மட்டும் பிரிகிறது. அம்முறையில் ஒரு போலிக் கணக்கு இரவு பகலாகப் பாடலை ஓடவிட்டாலும், தன் சந்தாவைத் தவிர வேறெவர் சந்தாவையும் திசைதிருப்ப முடியாது.